மைக்ரோகன்ட்ரோலரின் இரண்டாயிரம் பைட் ரேமில் குடித்தனம்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

பம்புசெட் பழுதுக்காரர்

கிணற்று மோட்டாரைக் கைபேசியிலிருந்து ஓட்டவும் நிறுத்தவும் உதவும் ஜிஎஸ்எம் கருவிகள் என்னிடம் பழுதுக்கு வரும். அவற்றில் ஒரு ரகத்துக்கு எப்போதும் ஒரே புகார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென ஒருநாள் எத்தனை எஸ்எம்எஸ் அனுப்பினாலும் மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் ரிலே அசையாது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்யும். ஆன்டெனா, சிம், பவர் சப்ளை எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

உள்ளே இருப்பது ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப். நிரலுக்கு 32 கிலோபைட் ஃபிளாஷ் (மின்சாரம் போனாலும் அழியாதது), ஓடும்போது மாறும் மதிப்புகளை வைக்கும் மாறிகளுக்கு 2048 பைட் ரேம் (மின்சாரம் போனால் அழிவது). தயாரித்தவர் மூலநிரலைக் கொடுத்தார். கம்பைல் செய்தபோது (சிப்புக்குப் புரியும் வடிவுக்கு மாற்றியபோது) ரேமில் பாதிக்குச் சற்று மேல்தான் செலவாகியிருந்தது; எச்சரிக்கை ஏதும் வரவில்லை.

வினை வந்தது சிம் நிறுவனம் அனுப்பும் ரீசார்ஜ் விளம்பரத்தால், அதுவும் தமிழில் வந்ததால்! ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துகள் வரை வரும். தமிழில் 70 குறிகள்தாம் (‘மோ’வில் மகரம் ஒரு குறி, ஓகாரக் குறி இன்னொன்று). ஆனால் கருவியில் எஸ்எம்எஸ் வாங்கும் சிம்800 மாட்யூல் ஒவ்வொரு குறியையும் நான்கு பதினறும இலக்கங்களாக்கித் தருகிறது. ‘மோட்டார்’ என்ற ஒரே சொல் 32 இலக்கங்கள். முழுச் செய்தி 280. நிரலில் அதற்கு ஒதுக்கியிருந்த இடமோ 200 பைட். நீளத்தைச் சரிபார்க்கும் வரி மருந்துக்கும் இல்லை. மிஞ்சியதெல்லாம் பக்கத்து மாறியின் மேல் போய் விழுந்தது. அந்த மாறியில் இருந்தது தோட்டக்காரரின் கைபேசி எண். எண் சிதைந்த பிறகு அவரே அனுப்பினாலும் கருவிக்கு அவர் யாரோ. மீண்டும் தொடங்கும்போது மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ராமிலிருந்து எண் ரேமுக்கு வந்துவிடும். அதனால்தான் ‘தானாகச் சரியாகிவிட்டது’. இந்தச் சிப்பில் எல்லை மீறி எழுதினால் தடுக்கவோ, கூவிச் சொல்லவோ எதுவும் கிடையாது.

அந்த இடத்தை நான் பெரிதாக்கவில்லை. செய்தியை முழுதாகச் சேர்த்து வைக்கும் பழக்கத்தையே எடுத்துவிட்டேன். எழுத்து வரவர ஒப்பிட்டு, கட்டளையோடு பொருந்தாவிட்டால் வரி முடியும்வரை உதறித் தள்ளுகிறது. 200 பைட் கேட்ட வேலை 24 பைட்டில் முடிந்தது.

ஆய்வகப் பயிற்றுநர்

கம்பைல் செய்யும்போது காட்டும் கணக்கை நம்பக் கூடாது என்பதற்கு என்னிடம் வேறொரு சாட்சி உண்டு. மாணவர்கள் விரும்பிச் செய்யும் திட்டம்: ஆர்டுயினோ ஊனோ (அதே 328பி சிப் உள்ள பயிற்சிப் பலகை), சிறிய ஓஎல்இடி திரை, எஸ்டி அட்டை, வெப்பநிலைப் பதிவு. தனித்தனியாக எல்லாம் ஓடும். சேர்த்தால் திரை இருண்டு கிடக்கும். உடனே வயரைச் சந்தேகிப்பார்கள், பிறகு திரை விற்ற கடைக்காரரை.

128க்கு 64 புள்ளித் திரைக்குப் புள்ளிக்கு ஒரு பிட் வீதம் 1024 பைட். பரவலாகப் பயன்படும் லைப்ரரி (பிறர் எழுதித் தந்த ஆயத்த நிரல்) இதை நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஹீப்பில், அதாவது ஓடும்போது கேட்டு வாங்கும் ரேம் பகுதியில், கேட்டு வாங்குகிறது. ஆகவே கம்பைலரின் கணக்கில் இது வராது. எஸ்டி லைப்ரரிக்கு 512. இரண்டும் சேர்ந்தே ரேமில் முக்கால் பங்கு. யூ8ஜி2 லைப்ரரியின் பக்க முறைக்கு மாறினால் 128 பைட் போதும். திரையை எட்டுக் கீற்றுகளாகப் பிரித்து எட்டு முறை வரையும். சற்று மெதுவாகும், ஆனால் வெப்பநிலையைக் காட்ட என்ன அவசரம்?

திரையில் காட்டும் வாசகங்களும் ரேமைத் தின்னும். ஊனோவில் உள்ள ஏவிஆர் வகைச் சிப்பில் ஃபிளாஷும் ரேமும் வெவ்வேறு முகவரி வெளிகள். மேற்கோளுக்குள் எழுதிய ஒவ்வொரு வரியும் தொடக்கத்திலேயே ஃபிளாஷிலிருந்து ரேமுக்குப் படியெடுக்கப்படும். ஆர்டுயினோவின் எஃப் மேக்ரோவுக்குள், அதாவது F( ) என்ற அடைப்புக்குள், போட்டால் ஃபிளாஷிலேயே இருக்கும். தமிழில் எழுதினால் இது இன்னும் முக்கியம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ்க் குறிக்கு மூன்று பைட்.

89சி51 காலத்து ஆள்

2048 பைட்டை வைத்துக்கொண்டா புலம்புகிறீர்கள்! நாங்கள் பழகிய ஏடி89சி51 சிப்பில் உள்ளே இருந்த ரேமே 128 பைட். அதில் முதல் 32 பைட், கணக்குப் போடும்போது எண்களை வைக்கும் ரெஜிஸ்டர் வங்கிகளுக்கு. பதினறும எண்ணில் 20 முதல் 2எஃப் வரையுள்ள பதினாறு முகவரிகளில் ஒவ்வொரு பிட்டையும் தனியாகத் தொடலாம். ‘மோட்டார் ஓடுகிறதா’ என்ற கேள்விக்கு ஒரு பிட்டுக்கு மேல் நான் கொடுத்ததில்லை. அதற்கு ‘இன்ட்’ என்ற முழு எண் மாறியைப் போட்டு இரண்டு பைட் செலவழிப்பவர்களைக் கண்டால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ஸ்டாக் (நிரலின் பகுதிகள் ஓடும்போது தற்காலிகமாக எடுக்கும் ரேம்) எவ்வளவு ஆழம் போகிறது என்று ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். தொடக்கத்தில் காலி ரேம் முழுவதையும் ஒரே எண்ணால் நிரப்புங்கள். கருவியை எல்லா வேலைகளையும் செய்ய வைத்த பிறகு, அந்த எண் எத்தனை பைட்டில் அழியாமல் மிஞ்சியிருக்கிறது என்று எண்ணுங்கள். மிஞ்சியது சொற்பம் என்றால் அந்தக் கருவியை வாடிக்கையாளரிடம் கொடுக்காதீர்கள். எழுத்துத் தொடரை வைக்கும் ‘ஸ்ட்ரிங்’ வகையைக் கண்டபடி ஒட்டி வெட்டினால் ஹீப் துண்டு துண்டாகும். மொத்தத்தில் இடம் இருக்கும், தொடர்ச்சியாகக் கிடைக்காது. 520 கிலோபைட் ரேம் உள்ள ஈஎஸ்பி32 சிப் வாங்கினால் தீரும் என்பவர்களுக்கும் இதே பதில்தான். பெரிய ரேமில் நோய் தாமதமாகத் தெரியும், அவ்வளவே.

புதிய உறுப்பினர்

எனக்கு எஸ்எம்எஸ்ஸின் நடுப்பகுதி காணாமல் போகிறது. ரேமில் 900 பைட்டுக்கு மேல் காலியாக இருக்கிறது. எங்கே தேடுவது?

பம்புசெட் பழுதுக்காரர்

மொத்த ரேமை விடுங்கள், சீரியல் பஃபரை (வரும் எழுத்துகள் நிரல் படிக்கும்வரை காத்திருக்கும் இடம்) பாருங்கள். ஊனோவில் அது 64 பைட்தான். 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். நிரலில் எங்காவது ‘டிலே 500’ (அரை நொடி சும்மா நிற்கும் கட்டளை) இருந்தால், அது தூங்கும் நேரத்தில் பஃபர் நிரம்பி, பின்னால் வருவது கொட்டிப் போகும். பஃபரைப் பெரிதாக்கும் முன் அந்த டிலேயை எடுத்துவிட்டு, தொடங்கியதிலிருந்து கழிந்த மில்லிசெகண்டைச் சொல்லும் மில்லிஸ் கொண்டு நேரம் பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால் எழுதுங்கள், பார்ப்போம்.