அப்பாவுக்குப் பிறகு கடை யார் கையில்?

ஈரோட்டான்:
ஜவுளி மொத்த வியாபாரம், அப்பா பெயரிலேயே தனியுரிமைக் கடை. அவருக்கு எழுபது வயதாகிறது, கல்லாச் சாவி இன்னும் அவர் இடுப்பில்தான். நானும் தம்பியும் கடையில் இருக்கிறோம், அக்கா கோவையில். பேச்சை எங்கே தொடங்குவது?

கணக்கர்:
முதலில் காகிதம். தனியுரிமைக் கடையின் ஜிஎஸ்டி எண் அப்பாவின் பான் எண்ணோடு போய்விடும். அவர் இருக்கும்போதே அவரும் நீங்கள் இருவருமாகக் கூட்டு நிறுவனமாக மாறி, புது எண் வாங்கி, மீதமுள்ள உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கட்டி, இன்னும் கழித்துக்கொள்ளாத ஜிஎஸ்டி) ஐடிசி-02 படிவத்தில் புது எண்ணுக்கு மாற்றுங்கள். ஒரு பங்குதாரர் இறந்தாலும் நிறுவனம் தொடரும் என்று பத்திரத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் 1932 கூட்டாண்மைச் சட்டப்படி கலைந்துவிடும்.

மதுரைக்காரி:
அக்காவை விட்டுவிட்டுப் பேசாதீர்கள்! இந்துக் குடும்பத்தில் அப்பா சொந்தமாகச் சம்பாதித்தது உயில் இல்லாமல் நின்றால் அம்மா, அக்கா, நீங்கள், தம்பி நால்வருக்கும் சம பங்கு. 1911-ல் எங்கள் ஊரில் தொடங்கிய டிவிஎஸ் குடும்பமே 2020-ல் உடன்படிக்கை எழுதி, எந்தக் கிளை எதை நடத்துகிறதோ அதை அதற்கே பிரித்துக்கொண்டது.

ஈரோட்டான்:
சரி, தீபாவளி வசூல் முடிந்ததும் அக்காவை வரச்சொல்கிறேன். அப்புறம் ஆடிட்டரிடம் போகிறோம்.

கணக்கர்:
அதற்குள் கொள்முதலை உங்களிடம் விடச் சொல்லி அப்பாவிடம் கேளுங்கள். நூல் விலை ஏறும்போது யாருக்கு எத்தனை நாள் கடன் என்பது அவர் மனக்கணக்கில்தான் இருக்கும், கூடவே இருந்து கற்றுக்கொள்ளுங்கள்.