அப்டேட் ஓடியும் சர்வரில் பழைய கெர்னலே இருக்கிறது, ஏன்?

கேள்வி: உபுண்டு (லினக்ஸ்) சர்வரில், அப்டேட்களைத் தானாகப் போடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் தினமும் ஓடுகிறது, லாகில் பிழை இல்லை. ஆனால் எந்தக் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) ஓடுகிறது என்று சொல்லும் 'யூநேம் -ஆர்' கமாண்ட் பழையதையே காட்டுகிறது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் கான்ஃபிக்கில் பாஸ்வேர்டு லாகினை நிறுத்திய பிறகும் பாஸ்வேர்டு கேட்கிறது. எங்கே தவறு?

பதில் 1: புதிய கெர்னல் டிஸ்க்கில் இறங்கியிருக்கும், ரீபூட் செய்யாதவரை பழையதுதான் ஓடும். தானாக ரீபூட் ஆகும் வசதி இயல்பாக அணைந்தே இருக்கும். /வார்/ரன் அடியில் 'ரீபூட்-ரிக்வயர்ட்' என்ற ஃபைல் இருக்கிறதா பாருங்கள். ஓபன்எஸ்எஸ்எல் (என்கிரிப்ஷனுக்கானது) மாதிரி, பல புரோகிராம்கள் பகிரும் லைப்ரரிகளுக்கும் இதே கதைதான்: ஃபைல் மாறினாலும், ஏற்கெனவே ஓடும் சர்வீஸ் மெமரியில் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். எதை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதை 'நீட்ரீஸ்டார்ட்' கமாண்ட் சொல்லிவிடும்.

பதில் 2: பாஸ்வேர்டு விஷயத்துக்கு எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். கிளவுட் இமேஜ் (கிளவுடுக்கென்று ரெடியாக வரும் சிஸ்டம்) என்றால் அங்கே 50-கிளவுட்-இனிட்.கான்ஃப் ஃபைல் பாஸ்வேர்டு லாகினுக்கு 'யெஸ்' என்று வைத்திருக்க வாய்ப்பு அதிகம். எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச்சின் சர்வர் சர்வீஸ்) முதலில் படிக்கும் மதிப்பையே எடுத்துக்கொள்ளும். அந்த ஃபோல்டரைச் சேர்க்கும் இன்க்ளூட் வரி மெயின் கான்ஃபிக்கில் மேலே இருப்பதால் நீங்கள் கீழே எழுதிய 'நோ' செல்லாது. உண்மையில் எது நடப்பில் என்பதை 'சூடோ எஸ்எஸ்எச்டி -டி' காட்டும் (பெரிய எழுத்து T, சின்ன எழுத்து t என்றால் பிழை மட்டும் பார்க்கும்). சர்வீஸை ரீலோட் செய்யும்போது இப்போதைய செஷனை மூடாதீர்கள், இன்னொரு டெர்மினலில் எஸ்எஸ்எச் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவி ஃபைல்) வைத்து நுழைந்து பார்த்த பிறகு மூடுங்கள்.

பதில் 3: கெர்னல்கள் இருக்கும் /பூட் தனிப் பார்ட்டிஷனா (டிஸ்க்கில் பிரித்த தனிப் பகுதி)? நிரம்பினால் அடுத்த கெர்னல் பாதியில் நிற்கும். 'ஏபிடி ஆட்டோரிமூவ்' பழையவற்றைக் கழித்துவிடும்.