படிவம் பி திரும்பி வந்துருச்சு: ஞாயிற்றுக்கிழமை எலியை யார் பார்ப்பாங்கன்னு கேக்கறாங்க

கேட்டவர்: ஆவாரம்பூ_23

எல்லாருக்கும் வணக்கம். எம்.பார்ம் ரெண்டாம் வருஷம், பார்மகாலஜி. ஆவாரம்பூ சாறு சர்க்கரையைக் குறைக்குதான்னு விஸ்டார் எலியில, அதாவது லேப்ல வளர்க்கற வெள்ளை எலியில, பார்க்கறதுதான் என் ப்ராஜெக்ட். ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு எலிக்குச் சர்க்கரை வரவச்சு, 28 நாள் சாறு கொடுக்கணும். ஆறு குரூப், குரூப்புக்கு ஆறு, மொத்தம் 36 எலி. எங்க காலேஜ்ல சீனியர்ஸ் எல்லாரும் ஆறு ஆறாத்தான் போட்டிருக்காங்க, நானும் அதையே போட்டேன்.

போன வாரம், பிராணிச் சோதனைக்கு அனுமதி கொடுக்கற எதிக்ஸ் கமிட்டி கூடுச்சு. மூணு கேள்வியோட என் அனுமதி விண்ணப்பம், அதான் படிவம் பி, திரும்பி வந்துருச்சு. முதல் கேள்வி, 36 ஏன்? அடுத்தது, எலி எந்த நிலைக்கு வந்தா சோதனையை அதோட நிறுத்துவீங்கன்னு ஏன் எழுதலை? இது ரெண்டும் சரி. மூணாவதுதான் எனக்குப் புரியலை: "ஞாயிற்றுக்கிழமைகளில் எலிகளை யார் பார்ப்பார்கள்? பெயர் எழுதவும்." இதைக் கேட்டவர் மருந்து படிச்சவரே இல்லை. கமிட்டியில வெளியாளா இருக்கிற ரிட்டயர்டு பேங்க் மேனேஜர்.

அடுத்த மீட்டிங் ரெண்டு மாசம் கழிச்சுதான். கைடு "ஏதாவது எழுதிக் குடும்மா"ங்கறார். இதெல்லாம் வெறும் பேப்பர் சடங்கா, இல்ல நான் எதையாவது விட்டுட்டேனா?

பதில் 1: பட்டம்_வரும்_ஒருநாள்

36 பத்தி மட்டும் சொல்றேன். மொத்த எலியில இருந்து குரூப் எண்ணிக்கையைக் கழி. மிச்சம் 10க்கும் 20க்கும் நடுவுல இருக்கணும்ங்கறது நாங்க போடற குத்துமதிப்புக் கணக்கு. உனக்கு 36ல 6 போனா 30, அதிகம். குரூப்புக்கு நாலு போட்டா 24, மிச்சம் 18. சீனியர் தீசிஸ்ல சராசரியும் ஸ்டாண்டர்ட் டீவியேஷனும் கிடைச்சா எத்தனை எலி வேணும்னு கணக்குப் பார்க்கற பவர் அனாலிசிஸே போட்டுடு, யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஆறாவது குரூப் எதுக்குன்னும் யோசி. நார்மல், சர்க்கரை எலி, கிளிபென்கிளமைடுங்கற சர்க்கரை மருந்து, சாறு ரெண்டு டோஸ், அஞ்சுல முடிஞ்சுது. இன்னொண்ணு, ஊசி போட்ட எல்லாத்துக்கும் சர்க்கரை வராது, சிலது செத்தும் போகும். அதுக்குக் கூட கொஞ்சம் கேட்கலாம், ஆனா காரணத்தோட எழுதிக் கேளு.

"சீனியர்ஸ் போட்டாங்க"ன்னு மட்டும் எழுதிடாதே தாயே.

பதில் 2: உமிமூட்டை

மூணாவது கேள்விக்கு நான் சொல்றேன்மா. நான் விஞ்ஞானி இல்ல, 26 வருஷமா அனிமல் ஹவுஸ்ல உமி மாத்தறவன். அந்த பேங்க் மேனேஜரைப் பார்த்தா ஒரு கும்பிடு போட்டுட்டு வா.

ஊசி போட்ட அன்னிக்குச் சர்க்கரை ஏறி நிக்கும்னுதானே நினைக்கறே? ராத்திரிக்குள்ள அது இறங்கும். கணையத்துல செல்லு உடையும்போது உள்ள இருந்த இன்சுலின் மொத்தமா ரத்தத்துல கொட்டிடும். ஊசிக்கு அப்புறம் ஆறு மணி நேரத்துல இருந்து மறுநாள் வரைக்கும் கண்டம்தான். அன்னிக்கு ராத்திரி வெறும் தண்ணி வச்சா காலையில விறைச்சுக் கிடக்கும். குளுக்கோஸ் கரைச்ச தண்ணி வைக்கணும், ஒருத்தர் வந்து பார்க்கணும்.

அதைத் தாண்டினா கதை தலைகீழ். நல்லா இருக்கிற 200 கிராம் எலி ஒரு நாளைக்கு 20, 25 மில்லி தண்ணி குடிக்கும். சர்க்கரை வந்த எலி நூறு மில்லியைத் தாண்டும். கூண்டுக்கு மூணு எலி, 300 மில்லி பாட்டில் ஒண்ணு. நீயே கணக்குப் போட்டுக்க. சாயங்காலம் ரொப்பிட்டுப் போனா மறுநாள் நீ வந்து பையை வைக்கறதுக்குள்ள காலி. குடிச்சது பூரா உமியிலதான் இறங்கும். மத்த எலிக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை உமி மாத்தினாப் போதும், இதுக்கு தினம் மாத்தணும். இல்லைன்னா கூண்டைத் திறக்கும்போதே உன் கண்ணு கரிக்கும். நீ ரெண்டு நிமிஷம் நிக்கற இடத்துல அது 24 மணி நேரம் மூக்கை வச்சுக்கிட்டுப் படுத்திருக்கு.

ஒரு பொங்கல் கதை சொல்றேன். ரொம்ப வருஷம் முன்னாடி, நான் வேலை பார்த்த ஒரு காலேஜ், பேர் வேண்டாம். போகிக்கு முந்தின நாள் ஒரு பையன் ஊசி போட்டான். அவன் அவங்க ஊருக்குப் போயிட்டான், நான் மாமியார் வீட்டுக்கு. வாட்ச்மேன்கிட்ட "பார்த்துக்கங்கண்ணே"ன்னு சொல்லிட்டுத்தான் போனோம். அவரும் பார்த்துக்கிட்டார், கதவை. காணும் பொங்கல் கழிச்சு வந்து திறந்தா நெடி முகத்துல அடிக்குது. பாட்டில் எல்லாம் காலி. உமி கஞ்சி மாதிரி குழைஞ்சு கிடக்கு. அஞ்சு எலி செத்திருந்துச்சு, அதுல ஒண்ணை மத்ததுங்க கடிச்சிருந்துச்சு. உயிரோட இருந்ததுக்கெல்லாம் கண்ணைச் சுத்திச் சிவப்பு. "ரத்தம், ரத்தம்"னு அந்தப் பையன் கத்தறான். அது ரத்தம் இல்ல. எலிக்குக் கண்ணுக்குப் பின்னாடி ஒரு சுரப்பி இருக்கு, ரொம்பத் தவிச்சுப் போச்சுன்னா அது சிவப்பாக் கசியும். ஈரப் பஞ்சு வச்சு ஒவ்வொண்ணாத் துடைச்சேன்.

மிச்ச எலியை வச்சே தீசிஸை முடிச்சாங்க. கிராஃப் நல்லாத்தான் வந்திருந்துச்சு. அதுல பொங்கல் லீவைப் பத்தி ஒரு வரி இல்ல. நானும் அதுல கூட்டுதான், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

ரெண்டாவது கேள்விக்கு இப்படி எழுது: தினம் காலையில எடை போடுவேன். ஊசி போட்ட அன்னிக்கு இருந்த எடையில 20 சதவீதம் குறைஞ்சாலோ, முடியைச் சிலுப்பிக்கிட்டு முதுகைக் கூனி மூலையில உட்கார்ந்துட்டாலோ, கையில எடுத்தும் சுணங்கிக் கிடந்தாலோ, அன்னிக்கே வெட்னரி டாக்டரைக் கூப்பிட்டு வலி இல்லாம முடிச்சுடுவேன். 28 நாள் ஆகட்டும்னு இழுக்கக் கூடாது. இதை எழுதினாப் போதாது, கூண்டு அட்டையில உன் போன் நம்பரும் இருக்கணும்.

ரூம் சூடு 18ல இருந்து 29 டிகிரிக்குள்ள இருக்கணும்னு விதி. ஏசி ஓடறவரைக்கும் எல்லாருக்கும் அது ஞாபகம் இருக்கும். மே மாசம் கரண்டு போனா ஜெனரேட்டர் அனிமல் ஹவுஸுக்கும் சேர்த்தா, பிரின்சிபால் ரூமுக்கு மட்டுமான்னு இப்பவே கேட்டு வச்சுக்க.

பதில் 3: தமிழையா_ஓய்வு

நானும் ஒரு கல்லூரியின் கமிட்டியில் அந்த 'வெளியாள்' நாற்காலியில் அமர்ந்திருப்பவன். எட்டுப் பேரில் ஒருவர் விஞ்ஞானி அல்லாதவராக, சமூக அக்கறை உடையவராக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் இலக்கணம் நடத்திய எனக்கு அங்கே என்ன வேலை என்று முதல் கூட்டத்தில் நானும் மலைத்தேன். பிறகு புரிந்தது. எலி, முயல் போன்ற சிறு பிராணிகளுக்கு அந்த அறையிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். நாய், குரங்கு என்றால்தான் டெல்லியில் உள்ள மத்திய அரசின் கமிட்டிக்குப் போகும். அறையில் மற்றவர்கள் எல்லாரும் துறைக்காரர்கள். 'ஞாயிறு' என்பது அவர்களுக்கு விடுமுறை. பசிக்கு அப்படி ஒரு நாள் கிடையாது என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டியிருக்கிறது.

சடங்கா என்று கேட்டிருக்கிறாய், மகளே. சில இடங்களில் சடங்குதான். தேநீர் ஆறுவதற்குள் பதினைந்து விண்ணப்பங்களில் கையெழுத்தான கூட்டத்தையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் கமிட்டிகளுக்கு அடிப்படையான சட்டம் வந்த வழியைத் தெரிந்துகொள். கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுபோனார். அதன் தொடர்ச்சியாக 1960இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவர்தான். வாரியம் நெடுங்காலம் சென்னையிலேயே இருந்தது. பிராணி இல்லாமல் முடியுமானால் பிராணியைத் தொடாதே, சிறு பிராணி போதுமானால் பெரியதைத் தொடாதே, காயம் ஆறுவதே பெரும் வேதனையாகும் என்றால் மயக்கம் தெளியுமுன் முடித்துவிடு என்பதெல்லாம் அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டியபோது பேராசிரியர் ஒருவர், "இது எப்போது வந்தது?" என்றார்.

பத்து வயதில் என்னைத் தெருநாய் கடித்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. செம்மறியாட்டின் மூளையில் வளர்த்த மருந்து அது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அப்படித்தான் தயாரித்தார்கள். இப்போது செல்களில் வளர்க்கிறார்கள், ஆடு தேவையில்லை, ஊசியும் கைக்கு வந்துவிட்டது. ஆட்டால் பிழைத்தவன் பிராணிச் சோதனையே கூடாது என்று பேசினால் வாய் கூசும். ஆடு இல்லாமல் முடியும் என்று தெரிந்த பிறகும் கேட்காமல் இருந்தால் அதைவிடக் கூசும்.

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்பதை முன்னுரையில் சேர்த்திருப்பாய் என்று ஊகிக்கிறேன். அது எலிகளுக்காகச் சொன்னதன்று, எடுத்துவிடு.

ஆவாரம்பூ_23 மீண்டும்:

ஐயா, நிஜமாவே முதல் வரி அதுதான். எடுத்துட்டேன்.

இப்ப மாத்தி எழுதினது: அஞ்சு குரூப், குரூப்புக்கு அஞ்சு, 25. ஊசி போடறது 20 எலிக்கு, அதுல தவறினா ஈடுகட்ட 4, மொத்தம் 29. ஊசி போட்ட ராத்திரி குளுக்கோஸ் தண்ணி. அதுக்கப்புறம் கூண்டுக்கு ரெண்டு பாட்டில், தினம் உமி. ஞாயிறு 1, 3 நான், 2, 4 என் ஜூனியர், அவளும் கையெழுத்துப் போட்டுட்டா. எந்த நிலையில நிறுத்தறதுங்கறதை உமிமூட்டை அண்ணன் சொன்னபடியே எழுதியிருக்கேன்.

ஜெனரேட்டர் விசாரிச்சேன். அனிமல் ஹவுஸுக்கு லைன் இல்லையாம். அதையும் கைடுகிட்ட லெட்டரா கொடுத்திருக்கேன், கொஞ்சம் முறைச்சார்.

ஒரு சந்தேகம் அண்ணா. அப்ரூவல் வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை ஊசி போட்டுடலாம், கிளாஸ் கம்மிங்கறார் கைடு. போடலாமா?

உமிமூட்டை:

வெள்ளிக்கிழமை வேண்டாம்மா. திங்கட்கிழமை காலையில போடு. அன்னிக்கு ராத்திரி நீ இருப்பே, செவ்வாய்க்கிழமை டாக்டர் இருப்பார். முன்னாடியே காலண்டரைப் பார்த்துடு, அந்த வாரத்துல எந்தப் பண்டிகையும் இருக்கக் கூடாது.