கியர்பாக்ஸைத் திறந்தபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

எம்ஜிபி-71:

பெட்டியை இறக்கி ஏற்றும் சிரமத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு அது தெரியும்; எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்துதான் வெளியே வரும். என் உறுத்தல் வேறு.

என்னுடைய பழைய பெட்டியில் லேஷாஃப்ட் (கியர்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் துணைத் தண்டு) இரைச்சல். அதைப் பிரித்து உட்காரப் பொறுமை இல்லாமல், புதுப்பித்த பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். நன்றாகத்தான் ஓடியது, ஓர் இறக்கம் வரும்வரை. மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பக்கத்தில் யாரோ உட்கார்ந்து கையை நீட்டி இழுத்துவிட்டதுபோல் லீவர் நியூட்ரலுக்கு வந்து நின்றது. எஞ்சினின் பிடி விட்டுப்போய் கார் தன்பாட்டுக்கு உருண்டது.

மறுபடி இறக்கிப் பிரித்துப் பார்த்தேன். பேரிங்குகள் புதியவை, சீல்கள் புதியவை, கேஸ்கெட் புதியது. மூன்றாவது கியரின் கவ்வுப் பற்கள் மட்டும் முனை மழுங்கி உருண்டிருந்தன; அவற்றின்மேல் நகர்ந்து கவ்வும் வளையமான ஸ்லீவின் உட்பற்களும் அப்படியே. எரிச்சல் என்னவென்றால், விற்றவர் கொடுத்த தாளில் ஒரு பொய்யும் இல்லை. "பேரிங், சீல், கேஸ்கெட் மாற்றப்பட்டன." மாற்றித்தான் இருக்கிறார்! சண்டை போடக்கூட வழியில்லை. வேறு யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

915 பெட்டிக்காரன்:

என்னுடையது போர்ஷே 911, பெயரைப் பார்த்தாலே எந்தப் பெட்டி என்று தெரியும். இரண்டாவது கியரில் கரகரப்பு. 915 என்றதுமே "சிங்க்ரோ போயிற்று" என்று எல்லாரும் சொல்வார்கள், எனக்கும் அதையே சொன்னார்கள். கியர் விழுமுன் வேகத்தைச் சமன்செய்யும் அமைப்புதான் சிங்க்ரோ. பெட்டி இறங்கியது, உறை சூடாக்கப்பட்டது, தண்டுகள் வெளியே வந்தன. சிங்க்ரோ வளையத்தின் விட்டத்தை அளந்தால், அளவு சரியாக இருக்கிறது.

மேசை முழுக்க என் கியர்பாக்ஸ் பரவிக் கிடக்கும்போது அங்கிருந்த மூத்த மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தார். "ரிவர்ஸ் போடும்போதும் கரகரக்குமா, தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். "ரிவர்ஸுக்கு ஏது சிங்க்ரோ? கிளட்ச் முழுக்க விடவில்லை" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். 1987இல் ஜி50 பெட்டி வரும்வரை இந்தக் கார்களில் கிளட்சுக்குக் கேபிள்தான். பெடலடியில் இருந்த புஷ்கள் தேய்ந்து, மிதித்த மிதி பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த ஒரு கேள்வியை இறக்குவதற்கு முன் யாரும் கேட்கவில்லையே என்பதுதான் இன்றும் ஆறவில்லை.

எம்ஜிபி நண்பரே, விற்றவருக்கு வக்காலத்து வாங்காதீர்கள். பேரிங்கை மாற்றத் தண்டையே உருவ வேண்டும். உருவினால் மழுங்கிய பற்கள் கண்ணில் படாமல் போகாது. பார்த்துவிட்டுத்தான் மூடியிருக்கிறார்.

மியாட்டா ரசிகன்:

முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது மியாட்டா. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், சூடானால் சரியாகிவிடும். ஆயிலை வடித்தேன். வெயிலில் அந்தத் தட்டைச் சாய்த்தபோது எண்ணெய் முழுக்கத் தங்கத் தூள் மிதந்தது. அழகாக இருந்தது, வயிற்றைக் கலக்கியது. புது ஆயில் ஊற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வடிகால் திருகில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம், அது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் துணுக்கு கிடைத்தால் ஏதோ பல் உடைந்திருக்கிறது. தங்க நிறத்தைக் காந்தம் பிடிக்காது, அது பித்தளை, சிங்க்ரோ வளையத்திலிருந்து வருவது. ஆயில் வாங்கும்போது ஜிஎல்-4 என்ற தரக் குறியைப் பார்த்து வாங்குங்கள். ஜிஎல்-5இல் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த அழுத்தத் தாங்கிகள் அதிகம். சில வகைகள் சூட்டில் பித்தளையை அரிக்கும். வழவழப்பும் கூடிவிட்டால் வளையம் கூம்பைப் பிடித்து வேகத்தைச் சமன்செய்ய முடியாது. அப்புறம் இரைச்சல். நியூட்ரலில் கிளட்ச்சை விட்டிருக்கும்போது கேட்டு, மிதித்தால் நின்றுவிட்டால் உள்ளீட்டுத் தண்டின் பேரிங்கையோ லேஷாஃப்ட்டையோ சந்தேகப்படுங்கள். எல்லாக் கியரிலும் கேட்டு நான்காவதில் மட்டும் அடங்கினால் லேஷாஃப்ட்டேதான். நான்காவது நேர் கியர், உள்ளே வரும் சுழற்சி அப்படியே வெளியே போகும்; அதில் லேஷாஃப்ட் சுமையில்லாமல் சும்மா சுழலும். பெட்டி இறங்கியிருக்கும்போதே கிளட்ச்சின் ரிலீஸ் பேரிங், எஞ்சின் கிராங்கின் பின்புற சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

915 பெட்டிக்காரன்:

உங்கள் பெட்டிக்கு அது சரி. என்னுடையதில் லேஷாஃப்ட்டும் இல்லை, நேர் கியரும் இல்லை. டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களும் அதே உறைக்குள் அதே எண்ணெயில்தான் ஓடுகின்றன. நான் ஊற்றுவது ஜிஎல்-5. சிங்க்ரோ வளையமும் பித்தளை இல்லை. எல்லாருக்கும் ஒரே மருந்து எழுதாதீர்கள்.

எலான்:

நீங்கள் சரிசெய்வதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் மாற்றினேன். லோட்டஸ் எலானில் இருந்த ஃபோர்டின் நான்கு வேகப் பெட்டியை எடுத்துவிட்டு, சியரா காரில் வந்த ஃபோர்டு டைப் 9 ஐந்து வேகப் பெட்டியை மாட்டினேன். நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஐந்தாவது கியரின் விகிதம் 0.82; எண் குறைந்தால் எஞ்சினும் மெதுவாகச் சுழலும், அந்த ஆசை நிறைவேறியது.

ஆனால் முதல் கியர் 3.65, இரண்டாவது 1.97. சனியன் பிடித்த இடைவெளி. முதல் சிக்னலில் பச்சை விழுந்து கிளம்பினேன்; சந்திப்பின் நடுவைத் தாண்டுவதற்குள் முதல் கியர் தீர்ந்துவிட்டது. இரண்டாவதைப் போட்டதும் எஞ்சின் சுணங்கிப்போனது. பின்னால் வந்தவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. இவ்வளவு லேசான காருக்கு எதற்கு இப்படியொரு முதல் கியர்? 2.8 லிட்டர் வி6 சியராவின் பெட்டியில் முதல் கியர் 3.36, அதைத் தேடியிருக்க வேண்டும் என்று மாட்டிய பிறகு ஆளாளுக்குச் சொல்கிறார்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டிச் சரிசெய்தாயிற்று, திரும்பிப் போக மனம் இல்லை. பெட்டி மாறியதிலிருந்து ஸ்பீடோமீட்டர் காட்டுவதை நான் நம்புவதே இல்லை.

எம்ஜிபி-71:

வக்காலத்து வாங்கவில்லை ஐயா, வழியில்லை என்றேன். என் பழைய பெட்டியைத் திறந்துவிட்டேன். அதில் மூன்றாவது கியரின் பற்கள் கூர்மையாகவே இருக்கின்றன. அந்தக் கியரையும், ஸ்லீவ் நகரும் நடுப்பகுதியான ஹப்பையும், ஸ்லீவையும் அப்படியே எடுத்துப் புதுப்பித்த பெட்டியில் போடப் போகிறேன்.

மியாட்டா ரசிகன்:

ஸ்லீவைத் தள்ளும் செலக்டர் ஃபோர்க்கையும் பாருங்கள். ஸ்லீவின் பள்ளத்தில் அது உட்காரும் இடம் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் முழுத் தூரம் போகாது, நல்ல பற்களும் விளிம்பில் மட்டும் கவ்வி மறுபடி மழுங்கும். தண்டின் எண்ட் ஃப்ளோட்டை (முன்பின் ஆட்டத்தை) அளந்துவிட்டு மூடுங்கள். ஃபோர்க் நகரும் கம்பியான ரெயிலை இழுக்கும்போது துணியால் மூடிக்கொள்ளுங்கள், அதை இடத்தில் நிறுத்தும் ஸ்பிரிங் வைத்த டிடெண்ட் குண்டு பாய்ந்து போகும்.

915 பெட்டிக்காரன்:

இதெல்லாம் சரி. தங்கத் தூள் கொட்டும் உங்கள் பெட்டியை எப்போது திறக்கப் போகிறீர்கள்?