புதுப்பிப்பு: இரவு ஷிஃப்டில் ஸ்டெரைல் பை சீல் கசிவு, காரணம் கிடைத்தது

ஓசூர் யூனிட்டில் ஐவி செட் (டிரிப்ஸ் குழாய்) வைத்துச் சீல் செய்யும், கிருமி புகக்கூடாத பைகள் இரவு ஷிஃப்டில் மட்டும் சாயச் சோதனையில் (சீல் வழியே சாயம் கசிகிறதா என்று பார்ப்பது) கசிகின்றன என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மெஷின் திரையில் காட்டும் வெப்பத்தை நம்பாமல், பையைச் சூட்டில் ஒட்டும் சீல் பாரிலேயே தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் சென்சார்) வைத்து அளக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. இரவில் மட்டும் ஓடும் இரண்டாவது மெஷினில், பாரின் இடது முனை 11 டிகிரி குறைவு. ஹீட்டரை மாற்றி, ஐஎஸ்ஓ 11607-2 (ஸ்டெரைல் பேக்கிங் சீலிங்குக்கான தரநிலை) படி சீலிங் சரியாக வருகிறது என்று மறுபடி வேலிடேட் செய்தோம். பழைய லாட்களையும் நிறுத்திவைத்துச் சோதித்தோம்.

எதிர்பாராதது ஒன்று. அந்த முனை சரியாக ஒட்டவில்லை என்று ஆபரேட்டர் அக்காக்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ரிஜெக்ட் கூடினால் இன்சென்டிவ் குறையும், அதனால் எழுதவில்லை. அவர்கள் மேல் தப்பே இல்லை, அந்தக் கணக்குதான் தப்பு. அதை எடுத்துவிட்டோம். சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்தும் உரிமை இப்போது அவர்களுக்கே. அப்புறம், கியூசி (தரம் சோதிக்கும் பிரிவு) இனி புரொடக்‌ஷனுக்குக் கீழ் இல்லை. நேராக பிளான்ட் ஹெட்டிடம்.