குடும்பிமலைக்கு எந்த நீள்வில்லை: 300 சாதாரணமா, 360 டெலிபோட்டோவா?

படுவான்கரையான்:
வணக்கம். என்னிடம் 4×5 அங்குலத் தாள் பிலிம் போடும் மடிப்புக் கமராவும் 150 மில்லிமீற்றர் குவியத்தூர வில்லை (லென்ஸ்) ஒன்றும் உள்ளன. வயல்வெளியில் நின்று மட்டக்களப்பின் குடும்பிமலையைப் பார்த்தால், கண்ணுக்கு அவ்வளவு கிட்ட நிற்கும் மலை, கமராவின் பின்னே பிம்பம் விழும் மங்கல் கண்ணாடியில் விரல்நகம் அளவுக்கே விழுகிறது. வில்லைக்கும் பிலிமுக்கும் இடையிலுள்ள மடிப்புக் கூடான துருத்தி 320 மில்லிமீற்றருக்கு மேல் நீளாது. பாவித்த நிக்கோர் எம் 300 (சாதாரண வில்லை), நிக்கோர் டி 360 (குறைந்த துருத்தி நீளம் போதுமான டெலிபோட்டோ) ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். எது பொருத்தம்?

வாவிக்கரை:
360ஐ வாங்குங்கள், தம்பி. சாதாரண வில்லையால் தொலைவிலுள்ள மலையைக் குவிக்கவே துருத்தி அதன் குவியத்தூரம் அளவுக்கு நீள வேண்டும். 300 வில்லையைப் பூட்டினால் உங்களுக்கு மிஞ்சுவது 20 மில்லிமீற்றர் மட்டுமே என்பதால், ஏறத்தாழ 4.8 மீற்றருக்கு உள்ளே எதையும் நேராகக் குவிக்க இயலாது. டெலிபோட்டோ அமைப்பிலோ 360க்கு 261 மில்லிமீற்றர் போதும். மிஞ்சும் 59 மில்லிமீற்றரைக் கொண்டு ஏறத்தாழ 2.5 மீற்றர் வரை வரலாம். ஆடி மாதக் கச்சான் காற்றில் நீண்ட துருத்தி பாய்ச்சீலை போலக் காற்றை வாங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பின்னாளில் வில்லையின் பின்தொகுதியை மட்டும் மாற்றி 500 ஆக்கிக்கொள்ளவும் வழியுண்டு.

கல்முனைவாசி:
ஐயாவின் கணக்கில் பிழையில்லை. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. 500 ஆக்கினால் 349 மில்லிமீற்றர் வேண்டும். அது இந்தத் துருத்திக்கு எட்டாது. 300 வில்லையின் நிறை 290 கிராம், 360இன் நிறை 800 கிராம். மடிப்புக் கமராவில் வில்லையைப் பூட்டும் முன்பலகை எதைத் தாங்கி அசையாமல் நிற்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது சாய்வு. காலடி வரம்பிலிருந்து மலை வரை கூர்மையாக வேண்டுமானால் வில்லையைச் சாய்க்க வேண்டும். டெலிபோட்டோவின் ஒளிமையம் பலகைக்கு வெகுதூரம் முன்னே இருப்பதால், சிறிது சாய்த்தாலே காட்சி கண்ணாடியை விட்டு நழுவும்; மீண்டும் சட்டகப்படுத்தி, மீண்டும் குவித்து, மீண்டும் சாய்த்துப் பார்ப்பதற்குள் விடியற்கால ஒளி போய்விடும். சாய்க்க இடம் தருவது பிம்ப வட்டம், அதாவது வில்லை பிலிம் தளத்தில் கூர்மையாக நிரப்பும் வட்டம்; எஃப் 22 துவாரத்தில் 300க்கு அது 325 மில்லிமீற்றர், 360க்கு 210தான். 360இன் சட்டகமே வேண்டுமென்றால் 300இல் எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டுங்கள். பரப்பில் ஏறத்தாழ 69 சதவீதம் எஞ்சும், அது 6×9 சென்ரிமீற்றர் பிலிமைவிடப் பெரியது.

வாவிக்கரை:
வெட்டுவதை என்னால் ஏற்க முடியாது. நான் பிலிமை அச்சுத்தாளோடு ஒட்டிவைத்து அதே அளவில் தொடுகைப் பிரதி எடுப்பவன். பிலிமில் விழுந்ததுதான் என் படம். சாய்வுக்கு முன்பலகையை விட்டு, பிலிமைத் தாங்கும் பின்பலகையைச் சாய்க்கலாம். முன்னிலம் சற்றுப் பெருத்துக் காட்டும், வயலுக்கு அது அழகே. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: கிட்டத்துப் பொருளுக்குத் துருத்தியை அளந்து ஒளியைக் கூட்டும் வழக்கமான கணக்கு டெலிபோட்டோவுக்குப் பொருந்தாது.

படுவான்கரையான்:
காற்றை நானே சோதித்தேன். நேற்றுப் பிற்பகல் மதிலில் உருக்கு அடிமட்டமொன்றை ஒட்டி, வில்லையை அதற்கு 30 சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்து, துருத்தியை 300 வரை இழுத்தேன்; அந்நிலையில் என் 150 வில்லை அடிமட்டத்தை உண்மை அளவில் காட்டும். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது, கச்சான் அடித்த ஒவ்வொரு தடவையும் மில்லிமீற்றர்க் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் பட்டையாகின. 261க்குச் சுருக்கி, கமராவைச் சற்றுப் பின்னகர்த்திக் குவித்தேன், அப்போதும் கலங்கின. இன்று காலை ஆறு மணிக்கு இரண்டு நீளத்திலும் ஒரு கோடுகூட அசையவில்லை. நான் பிலிமை ஸ்கான் செய்பவன், வெட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆகவே 300ஐ எடுக்கிறேன்.

வாவிக்கரை:
நல்லது, தம்பி. காலையிலேயே போங்கள். முன்பலகைத் திருகை இறுக்கிய பிறகு உருப்பெருக்கியால் இன்னொரு முறை பாருங்கள். இறுக்கும்போதே குவியம் நகர்ந்துவிடும்.