பத்து வயதுப் பையனுக்கு எந்த சைஸ் கிரிக்கெட் பேட்?

கேள்வி: பையன் உயரம் 140 செ.மீ. கோடை கோச்சிங்கில் லெதர் பந்து. 'வளர்ற பிள்ளை' என்று வீட்டில் 6-ம் சைஸ் வாங்கச் சொல்கிறார்கள். சரியா?

பதில் 1: வேண்டாங்க. இந்த உயரத்துக்கு 4-ம் சைஸ்தான். 6-ம் சைஸ் மாதிரி பெரிய, கனமான பேட்டில் கீழ்க்கையால் (பிடியில் கீழே இருக்கும் கை) குறுக்கே இழுத்தடிக்கும் பழக்கம் வந்துவிடும், திருத்துவது பெரும்பாடு. கடையில் பேட்டை மேல்கையால் மட்டும் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். நடுங்கினால் கனம் அதிகம்.

பதில் 2: காஷ்மீர் வில்லோ மரத்தில் செய்த பேட் போதும். புது பேட்டுக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு டீஸ்பூன், முகப்பிலும் விளிம்பிலும் மெல்லிசாகத் தடவி, படுக்கவைத்து ஒரு நாள் காயவிடுங்க. ஸ்டிக்கரிலும் பிடி சேரும் இடத்திலும் படவே கூடாது. பிறகு மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டணும். அடிநுனியைத் தட்டாதீங்க, பிளந்துவிடும்.

பதில் 3: எந்தப் பந்து என்றும் கோச்சிடம் கேளுங்க. பெரியவர்கள் பந்து சுமார் 156 கிராம். ஜூனியர் பந்து 135 கிராம் அளவில்தான். ஹெல்மெட் இல்லாமல் இரண்டுமே வேண்டாம்.